உடம்பிலேயே சின்ன எலும்பு

நானும் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அதிசயம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒன்றும் அதிசயம் இல்லை. என்னைப் போலவே சப்பை மூக்கு, என்னைவிட ஒரு சாண் உயரம் குறைவு, சோடா உப்பில் ஊறி வெளுத்துப்போன விரல்கள். ஆனால் காலையில் உள்ளே நுழைந்ததும், ரத்தத் துணி மூட்டையை அவிழ்த்துக்கொண்டே ஒரு சேதி சொல்வாள். "ஆக்டோபஸுக்கு மூணு இதயம். ரத்தம் நீலமா இருக்குமாம்." இன்னொரு நாள், "மரங்கொத்தியோட நாக்கு மண்டையோட்டைச் சுத்திக்கிட்டுப் போகுதாம்." மற்ற பெண்கள் மூக்கில் கட்டியிருந்த துணியைக் கீழே இறக்கிவிட்டு, "நெசமாவா?" என்பார்கள். அன்று முழுக்க அதுதான் பேச்சு. மூன்று இதயம் இருந்தால் மூன்று பேரைக் காதலிக்கலாமே என்பாள் ஒருத்தி. மூன்று தடவை மாரடைப்பு வருமே என்பாள் இன்னொருத்தி.

இந்தச் சேதிகள் எங்கிருந்து வந்தன என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பேப்பரில் தினமும் வருகிற குறுக்கெழுத்திலிருந்து வந்தன. அதை அவள் எதற்காகப் போட்டாள் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். அடி வாங்காமல் இருப்பதற்காக.

அடித்தவர் அவள் புருஷன், என் மாமா. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதுகிற வேலை. விசில் ஊதுகிறவருக்கு அவ்வளவு திமிர் என்றால், வண்டியே சொந்தமாக இருந்திருந்தால் ஊரே தாங்கியிருக்காது. டிப்போவில் அவருக்குப் 'புரொபசர்' என்று பட்டம். காலையில் வீட்டிலேயே குறுக்கெழுத்தை முடித்து, நீல மையில் அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பிய பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு போவார். டிரைவர்களும் கண்டக்டர்களும் சூழ்ந்து நின்று, "எப்படி சார் இதெல்லாம் தெரியுது!" என்று வாயைப் பிளக்க வேண்டும். பிளந்தால் அன்று நல்ல நாள். ஒரு கட்டம் காலியாக இருந்து எவனாவது சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பு சாயங்காலம் அக்காவின் முதுகில் வந்து இறங்கும்.

இத்தனைக்கும் வீடு எங்கள் அப்பா கட்டியது. ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, பின்வாசலில் துவைக்கிற கல். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவும் நானும் இருந்தோம். கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் அவர். வந்த மாதமே அப்பாவின் நாற்காலி அவருடையதாகிவிட்டது. நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஒரு தடவை கரண்டியால் அவர் தலையில் ஒன்று போட்டேன். அவர் திருப்பிப் போட்டதில் என் முன்பல்லில் பாதி போய்விட்டது. அன்று அக்கா என் வாயைக் கழுவிவிட்டுக்கொண்டே, "இனிமே நீ குறுக்க வராத பாப்பா. உனக்கும் சேத்து நான் வாங்கணும்" என்றாள். அதன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், மிச்சம் இருந்த பல்லை.

காது போன கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். டிப்போ ஊழியர்களை ஏற்றிப் போகிற வேனின் டிரைவர், பெரிய மீசை வைத்தவர், ஒரு நாள் காலையில் சீக்கிரமே வந்துவிட்டார். டீ குடித்துக்கொண்டே மாமா குறுக்கெழுத்துப் போடுவதைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆண் இனம் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கும் கடல் உயிரினம்.' மாமா கூரையைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார், பேனாவைத் தட்டினார். டம்ளரை எடுக்க வந்த அக்கா, "கடற்குதிரைங்க" என்றாள். அவ்வளவுதான். தெரிந்ததைச் சொன்னாள். மீசை டிரைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "சார், வீட்டுக்குள்ளயே ஒரு புரொபசரை ஒளிச்சு வச்சிருக்கீங்களே!"

மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கட்டத்தை நிரப்பினார், சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்கா அடுப்பிலிருந்து திரும்பும்போது உள்ளங்கையைக் குவித்து இடது காதில் ஒரே அறை. அவள் கத்தவில்லை. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "மணி அடிக்குது, மணி அடிக்குது" என்றாள். அந்த மணி பல நாள் அடித்து, பிறகு சீழ் வைத்து, பிறகு ஒரேயடியாக நின்றுபோனது.

காது டாக்டரம்மாவின் அறைச் சுவரில் காதின் படம் ஒன்று மாட்டியிருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். மாமா எங்களுக்குப் பின்னால் நின்றார். "எப்படி ஆச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றார் மாமா. டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு படத்தில் விரலை வைத்துக் காட்டினார். உள்ளே மூன்று எலும்புகள். சுத்தி, பட்டடை, அங்கவடி. "கடைசியா இருக்கே, இதுதான் அங்கவடி. குதிரை மேல ஏற கால் வைப்பாங்களே, அந்த வளையம் மாதிரி. அரிசியை விடச் சின்னது. உடம்புலயே சின்ன எலும்பு. உங்களுக்குச் சவ்வு கிழிஞ்சு இதுவும் இடம் மாறிடுச்சு. இந்தக் காது இனிமே இல்லைன்னு வச்சுக்கோங்க. அந்தக் காதுல அடி படாம பாத்துக்கோங்க. பட்டா அவ்வளவுதான்." கடைசி வார்த்தையை அவர் அக்காவிடம் சொல்லவில்லை. அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்துச் சொன்னார்.

சுத்தியும் பட்டடையும் காதுக்குள்ளேயே இருந்தால் வெளியிலிருந்து வேறு ஒருவன் எதற்கு அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காது என்ற பேச்சே கிடையாது. 'பாத்ரூமில் வழுக்கியது' என்பதுதான் சட்டம். அக்காவே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய சாமர்த்தியம் ஆரம்பித்தது. விடியும் முன்பே பேப்பர் வாசலில் வந்து விழும். மாமா எழுந்திருக்க நேரம் இருக்கும். அவருக்குப் பேப்பரை வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு தடவை நான் பிரித்துப் பார்த்துவிட்டு வைத்ததற்குக் கொதிக்கிற டீயை என் காலில் ஊற்றியவர் அவர். ஆனால் மடிப்பது அக்காவின் தொழில். சலவைக்கூடத்தில் ஆயிரக்கணக்கில் விரிப்பு மடித்த கை. பேப்பரைப் பிரித்து, சமையலறை வெளிச்சத்தில் குறுக்கெழுத்து முழுவதையும் மனசுக்குள்ளேயே போட்டு முடித்து, அதே மடிப்பில், அதே சுருக்கத்தில் திருப்பி வைப்பாள். பேப்பர் போடுகிறவனே சத்தியம் செய்வான், இதை யாரும் தொடவில்லை என்று. தெரியாத விடை இருந்தால் முந்தின நாள்களில் வந்த குறிப்புகளோடு ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பாள். குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்குச் சரக்கு குறைவு, அதையே சுற்றிச் சுற்றிப் போடுவார்கள் என்பாள்.

பிறகு மாமா எழுந்து நாற்காலியில் உட்காருவார். குறிப்புகளை வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று முதுகைக் காட்டி நின்றபடியே அக்கா பார்த்துக்கொள்வாள். உடனே சொல்லக்கூடாது. அவர் அடுத்த குறிப்புக்கோ அதற்கடுத்ததற்கோ போன பிறகு, அடுப்படியிலிருந்து என்னிடம் ஏதாவது பேசுவதுபோலச் சொல்வாள். "நேத்து வார்டுல தெர்மாமீட்டர் உடைஞ்சு, பாதரசம் தரையெல்லாம் உருண்டு ஓடுச்சு பாப்பா." கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியிலிருந்து, "பாதரசம்! ஹா!" என்று சத்தம் வரும். தானே கண்டுபிடித்ததாக அவர் நிஜமாகவே நம்பினார். மனுஷனுக்குத் தன்மேல் இருந்த மரியாதை அப்படி.

எனக்கும் இதில் பங்கு உண்டு. "உன் கழுத்து என்ன ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தா, பக்கத்து வீட்டையே எட்டிப் பாக்குற?" என்று என்னைத் திட்டுவாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 'மனிதனைப் போலவே கழுத்தில் ஏழு எலும்புகள் கொண்ட உயரமான விலங்கு' அங்கே நிரம்பிவிடும். சில நாள் சிரிப்பை அடக்க முடியாமல் பின்வாசலுக்கு ஓடிப்போய்க் கல்லில் உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்ததும் அழுகையும் வரும். ஒரு பொம்பளை தன் மிச்சக் காதைக் காப்பாற்றிக்கொள்ள ஒட்டகச்சிவிங்கியையும் பாதரசத்தையும் காவலுக்கு நிறுத்தி வைத்திருந்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயத்தில் ஆரம்பித்தது பயத்தோடு நிற்கவில்லை. அவளுக்கு அது பிடித்துப்போனது. வெள்ளி கிரகத்தில் ஒரு வருஷத்தைவிட ஒரு நாள் நீளம் என்று தெரிந்த அன்று முகமெல்லாம் பூரித்துப்போய், "அங்க பொறந்தா பொறந்தநாள் முடியறதுக்குள்ள அடுத்த பொறந்தநாள் வந்துடும் பாப்பா" என்றாள். துணி மூட்டையும் அடியும் தவிர உலகத்தில் வேறு ஏதேதோ இருக்கிறது என்று அந்தக் கட்டங்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

எல்லா அடியும் இடது பக்கமே விழும்படி அவள் நிற்கப் பழகியிருந்தாள். அவருக்கு வலது கை ஓங்கும். நேருக்கு நேர் நின்றால் அது இடது காதில்தான் விழும், அது ஏற்கெனவே செத்த காது. "செத்ததை அடிச்சா என்ன, வலிக்கவா போகுது" என்பாள். வலிக்கும். தாடை வீங்கும், கண் சிவக்கும். வலது காது மட்டும் பிழைத்திருக்கும்.

அந்தக் கணக்கு ஒரு நாள் தலைகீழானது. குழாயில் தண்ணீர் வராமல் அக்காவும் நானும் காலையிலேயே குடங்களைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்விட்டோம். அடுப்படியில் பேச ஆள் இல்லை. மாமா பாதிக் கட்டம் காலியாக டிப்போவுக்குப் போனார். அங்கே டயர் கழற்றுகிற ஒருவர் எட்டிப் பார்த்து இரண்டு விடையைச் சும்மா சொல்லிவிட்டாராம். சாயங்காலம் வந்தார். அக்கா கதவருகே நின்றிருந்தாள். முழு பலத்தோடு முஷ்டியால் குத்தினார். அவள் குனிந்துவிட்டாள். குத்து இரும்புக் கதவு நிலையில் போய் விழுந்தது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். குனிந்த குற்றத்துக்காக அவளை இடது காலால் உதைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மணிக்கட்டு முறிவு. விரல்நுனி முதல் முழங்கைவரை மாவுக்கட்டு. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அக்கா சொல்லவில்லை. "இனிமே இடது கையாலதான் அடிப்பாரு" என்றாள், தன் வலது காதைத் தடவிக்கொண்டே. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வலது கை இல்லையென்றால் பேனா பிடிக்க முடியாது. டிப்போவுக்கு விடுப்புப் போட்டாலும் பட்டத்துக்கு விடுப்புப் போட முடியுமா? மீசை டிரைவர் தினமும் காலையில் வேனை எங்கள் வாசலில் நிறுத்தி, நிரப்பிய பேப்பரை வாங்கிக்கொண்டு போய் டிப்போவில் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. எழுதுவதற்கு அக்கா. அவர் சொல்ல, அவள் எழுத வேண்டும். மாவுக்கட்டுக் கை வலப்பக்கம் மேஜைமேல் தலையணையில் கிடக்கும். அதனால் அவள் அவருக்கு இடப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியிருந்தது. அதாவது அவளுடைய வலது காது அவருடைய இடது கைக்கு ஒரு முழம் தள்ளி. நான் முதல் நாளே, "அந்தப் பக்கம் உக்காருக்கா" என்றேன். "கட்டு இடிக்கும், அறிவில்ல?" என்று மாமா கத்தினார்.

அக்காவுக்கு இப்போது இரட்டை வேலை. உட்காரும் முன்பே, டீ போடும்போதே, எல்லா விடைகளையும் என்னோடு பேசிப் பேசிக் காற்றில் விட்டுவிட வேண்டும். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, எதுவுமே தெரியாதவள்போல அவர் சொல்லும்வரை பேனாவைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். முதன்முதலாக அவள் கையில் பேனா, அவள் கண்முன்னே கட்டங்கள். விடை தெரிந்தும் கையைக் கட்டிப் போட்டிருந்தாள். ஒரு வாரம் சமாளித்தாள்.

அன்று காலை நான் பின்வாசலில் கட்டில் விரிப்பை ஊற வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பேப்பரைத் திருப்பி மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இன்னிக்கு ஒண்ணு வந்திருக்கு பாப்பா. அதை என்னால பேச்சுல விட முடியாது."

"ஏன்?"

"உடம்பிலேயே சின்ன எலும்பு. அஞ்சு கட்டம்." இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

டாக்டரம்மாவின் சுவர்ப் படம் என் கண்முன் வந்தது. அந்த வார்த்தையை எந்தப் பேச்சில் நுழைத்தாலும் காதுக்கு வர வேண்டும். காதுக்கு வந்தால் அந்த அறைக்கு வர வேண்டும். குதிரையைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்தோம். குதிரையைப் பார்த்தே இராத வீட்டில் திடீரென்று குதிரை எங்கிருந்து வரும்?

"விட்டுடு. அது ஒண்ணு காலியாப் போகட்டும்" என்றேன்.

"காலியாப் போனா?"

அவர் கை ஒரு முழ தூரத்தில் இருந்தது இருவருக்கும் தெரியும். "மத்ததெல்லாம் வேகமா குடுத்துடுறேன். முழுசும் நிரம்பி ஒண்ணு மட்டும் நின்னா பெருசா கோவம் வராது" என்று அவளே தன்னைத் தேற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

நன்றாகத்தான் போனது. நான் கல்லில் விரிப்பை அடித்துத் துவைத்துக்கொண்டே திறந்த பின்கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் எழுதிக்கொண்டே வந்தாள். "பதினேழு, இடமிருந்து வலம். உடம்பிலேயே சின்ன எலும்பு. சுண்டுவிரலா? கட்டம் பத்தலையே. இரு, அப்புறம் பாக்கலாம். பதிமூணு, மேலிருந்து கீழ், தவளை. எழுது." அவள் எழுதினாள். அவர் கூரையைப் பார்த்து அடுத்ததை யோசித்தார். அவள் பேனா காகிதத்தின் மேலேயே நின்றதாம், பிறகு சொன்னாள். தவளையின் நடு எழுத்து அந்த எலும்பின் நாலாவது எழுத்து. பக்கத்துக் கட்டங்கள் காலியாக இருந்தன. பல வருஷமாக அடக்கி வைத்திருந்த கை அது. அவள் நினைக்கவில்லை, முடிவு செய்யவும் இல்லை. கை தானாக எழுதிவிட்டது.

விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, முறுக்கணும், ஒரு கை குடு" என்று நான் கூப்பிட்டேன். அவள் எழுந்து வரவில்லை. எட்டிப் பார்த்தேன். இருவரும் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை யாரு சொன்னது?" என்றார் மாமா. மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்லல. அங்கவடி. அப்படின்னா என்ன?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கேயோ படித்தேன் என்று மழுப்பியிருக்கலாம். அக்கா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "காதுக்குள்ள இருக்குற எலும்பு. டாக்டரம்மா காட்டுனாங்களே, நீங்களும் பின்னாடி நின்னுட்டு இருந்தீங்க. எனக்கு நீங்க அடிச்சு இடம் மாறுனது."

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் கணக்குப் போட்டார். பாதரசம், ஒட்டகச்சிவிங்கி, வெள்ளி, அடுப்படியிலிருந்து வந்த ஒவ்வொரு பேச்சும் அவர் கண்ணில் ஓடியது. டிப்போவில் வாங்கிய ஒவ்வொரு பாராட்டும் யாருடையது என்று அந்த நொடியில் தெரிந்துகொண்டார்.

"அப்ப எல்லாமே நீதானாடி?"

"ஆமா" என்றாள்.

இடது கை வந்தது. உள்ளங்கையைக் குவித்து, முன்பு அடித்த அதே அடி. அவள் ஸ்டூலோடு சாய்ந்தாள். விழுந்தவள் எழுவதற்குள் மாவுக்கட்டைத் தூக்கி அதே பக்கத்தில் இறக்கினார். கல்லில் துணி விழுகிற சத்தம். மூன்றாவதுக்கு ஓங்கியபோது நான் உள்ளே இருந்தேன், தண்ணீர் சொட்டச் சொட்ட விரிப்போடு.

பின்னாலிருந்து அவர் தலைமேல் போட்டு இழுத்தேன். ஈர விரிப்பின் கனம் துவைத்தவர்களுக்குத்தான் தெரியும். நாற்காலி சரிந்து, அவர் மல்லாக்க விழுந்து, மேஜை புரண்டு, டீ டம்ளர் உடைந்தது. உள்ளிருந்து அசிங்க அசிங்கமாகத் திட்டிக்கொண்டு உதைத்தார். ஒரு உதை என் வயிற்றில் பட்டு மூச்சே நின்றது. அப்போது விரிப்பின் மறுமுனை இறுகியது. அக்கா எழுந்து நின்று பிடித்திருந்தாள்.

எங்கள் சலவைக்கூடத்தில் பிழிகிற எந்திரம் பாதி நாள் படுத்துவிடும். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, ஒருத்தி வலம், ஒருத்தி இடம் என்று முறுக்கியே கம்பளி வரை பிழிவோம். எங்களுக்குப் பேச்சே தேவைப்படவில்லை. அவரை உருட்டிச் சுற்றி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கினோம். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. இன்னொரு முறுக்கு. மாவுக்கட்டு உள்ளே நொறுங்கியது. அவர் அலறினார். விலா எலும்பைப் பார்த்து நான் காலால் ஒன்று விட்டேன், என் பல்லுக்கு. காலில் ஊற்றிய டீக்கு இன்னொன்று. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

தலை மட்டும் வெளியே தெரிந்தது. அக்கா தன் முனையை விடாமலே அவர் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றிக் குனிந்தாள்.

"உடம்புலயே சின்ன எலும்பு எது?"

"கொன்னுடுவேன்டி உன்ன!"

முறுக்கினோம்.

"எது?"

"அங்கவடி!"

"எங்க இருக்கு?"

"காதுல... விடு, கை போகுது, விடு!"

"என் காதுல இருந்ததை யாரு உடைச்சது?"

அவர் வாயை மூடிக்கொண்டார். வாசலில் வேன் வந்து நின்றது. ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, சத்தம் கேட்டு மீசை டிரைவர் உள்ளே ஓடி வந்தார். அவர் பின்னால் பக்கத்து வீட்டு ஜனம். கதவு நிலையிலேயே எல்லாரும் நின்றுவிட்டார்கள். மாமா அவர்களைப் பார்த்தார்.

அக்கா திரும்பவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, "யாரு உடைச்சது?" என்றாள். நாங்கள் முறுக்கினோம்.

"நான்" என்றார், முனகலாக.

"கேக்கல."

"நான்தான்!"

"கேக்கல. சத்தமா."

"நான்தான் அடிச்சேன்! நான்தான் உடைச்சேன்! வழுக்கல, நான்தான்!" வீடே அதிர்ந்தது. வாசலில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மீசை டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்கல" என்றாள் அக்கா மறுபடியும்.

அடடா, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துப் பழிவாங்குகிறாள் என்று என் மனசு துள்ளியது. இன்னும் கேள், இன்னும் கத்த வை, தெருமுனைவரை கேட்கட்டும் என்று நான் என் முனையை இன்னொரு சுற்று முறுக்கினேன். அவர் அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பக் கத்தினார். அக்கா அவர் உதடுகளையே உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அப்போதுதான் அவளுடைய வலது பக்கத்தைப் பார்த்தேன். காதிலிருந்து ரத்தம் வழிந்து, கழுத்தில் இறங்கி, தோள் முழுக்க நனைத்திருந்தது.

"பாப்பா" என்றாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "அவன் சொல்லிட்டானா?"

விரிப்பு என் கையிலிருந்து நழுவியது. ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மீசை டிரைவர் அன்று பேப்பரை வாங்கிக்கொண்டு போகவில்லை. வேனில் அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். பிறகு போலீஸிலும் கோர்ட்டிலும் தான் காதால் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். மாமா உள்ளே போனார். வெளியே வந்த பிறகு எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. டிப்போவில் இப்போது விசில் ஊதுவது வேறு ஆள். அன்று ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா அதே படத்தில் அதே எலும்பின்மேல் மறுபடியும் விரலை வைத்தார். பல மாதம் கழித்து வலது காதில் கேட்கும் சக்தி கொஞ்சம் திரும்பியது. பாத்திரம் விழுந்தால் தெரியும். நான் பக்கத்தில் வந்து கத்தினால் தெரியும். அவ்வளவுதான் திரும்பியது.

ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் போட வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை உறைந்துவிடும். அந்த விரிப்பை நான் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துத் துவைத்தேன். ஒரு புள்ளி மிச்சமில்லை. இன்றும் அதில்தான் அவள் படுக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அக்கா வாசலில் கிடந்த பேப்பரை எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று சரிந்ததில் உடைந்த அதன் கால் ஒன்றை ஆணியடித்துச் சரிசெய்து வைத்திருந்தேன். பேப்பரைப் பிரித்து உதறினாள். மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல், சடசடவென்று, வேண்டுமென்றே உதறினாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை வருஷம் பயந்திருந்தாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

பேனாவை எடுத்து நிரப்ப ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தி, "பாப்பா, ஆணை விடப் பெண்ணு பெருசா இருந்து, சில சமயம் புருஷனையே தின்னுடுமாம். ஆறு கட்டம். என்ன பூச்சி?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று கையை விரித்தேன்.

"தெரியலையா? பரவால்ல விடு" என்று சொல்லிவிட்டு, கும்பிடுபூச்சி என்று அவளே எழுதினாள். கட்டம் ஒன்று கூட வந்தது. ஆறு இல்லை, ஏழு, தப்பாக எண்ணிவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தாள். நான் டீ போடப் போனேன்.